மௌனம் என்னும் விளையாட்டு

திருவான்மியூரில் கோயில் கொண்டுள்ள ஈசனுக்கு மருந்தீசர் என்று பெயர். அகத்தியருக்கு மூலிகைகளின் இயல்பை உபதேசித்தவர் என்கிறது தலபுராணம். சம்பந்தரும் அப்பரும் பாடிய இவ்வூருக்கு வான்மீகியின் பெயரே வழங்கலாயிற்று என்பது ஐதீகம். தன்னைப் புற்று மூடும்வரை அசையாது அமர்ந்திருந்த முனிவர் அவர். இன்று இதே ஊரின் மேற்கெல்லையை ஒட்டி, 2000-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவையும் கடந்து தெற்கே நீளும் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் நிற்கின்றன. தேர்வை எண்ணி உறக்கமிழக்கும் ஒரு குழந்தைக்கு, மூச்சைக் கவனிக்கவும் மனத்தை அமைதிப்படுத்தவும் கற்றுத்தரும் செல்பேசிச் செயலி ஒன்றை இங்கிருந்து ஒருவர் வடிவமைக்க முற்பட்டால், அவர் எதைப் பயின்றுவிட்டுத் தொடங்க வேண்டும்? திருவான்மியூருக்குச் சற்று வடக்கே, அடையாற்றின் கரையில் 1939-இல் தொடங்கிய ஒரு வகுப்பின் வரலாற்றை என்பதே நமது விடை.

அதற்குமுன் இத்தகைய செயலிகளின் வம்சாவளியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாலி மொழியின் 'சதி' என்ற சொல்லை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று 1881-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ரைஸ் டேவிட்ஸ். 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியால் அவதியுற்றோருக்கு அதனை எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தளித்தார். 2010-இல் ஹெட்ஸ்பேஸ், 2012-இல் காம் என நிறுவனங்கள் தோன்றி, அப்பயிற்சியைச் செல்பேசிக்குள் கொண்டுவந்தன. துறவியருக்காகவும் பின்னர் நோயுற்ற பெரியவர்களுக்காகவும் அமைந்த முறைகளே இவ்வழியில் சுருங்கிச் சுருங்கிக் குழந்தைகளை வந்தடைந்தன. குழந்தைகளிடமிருந்தே கண்டெடுக்கப்பட்ட வேறொரு மரபும் உண்டு. மரியா மாண்டிசோரியின் 'மௌன விளையாட்டு' அத்தகையது.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைமக்கள் பகுதியில் மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். ஒருநாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதப் பெண்சிசுவை வாங்கிக்கொண்டு வகுப்பினுள் நுழைந்தார். துணியால் சுற்றப்பட்ட அச்சிசு சிறிதும் சத்தமின்றி இருந்தது. இவளைப்போல் அமைதியாக இருக்க உங்களில் எவராலும் இயலாது என்று அவர் வேடிக்கையாகச் சொல்ல, குழந்தைகள் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு கைகால்களை அடக்கி, மூச்சின் ஒலியையும் தணிக்க முயன்றார்கள். அதுவரை கேளாதிருந்த கடிகார ஓசை அப்போது கேட்கத் தொடங்கியது. பின்னர் அவர் இதனை ஓர் ஒழுங்கான விளையாட்டாக்கினார். அறை இருட்டாக்கப்படும், எல்லோரும் அமைதியாவார்கள், அடுத்த அறையிலிருந்து ஆசிரியை மிகத் தாழ்ந்த குரலில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை ஓசைபடாமல் எழுந்து அவரிடம் செல்லும். மற்றவர்கள் தத்தம் முறைக்காகக் காத்திருப்பார்கள்.

இவ்விடத்தில் ஒரு செய்தி மிக முக்கியமானது. அவ்வளவு நேரம் காத்திருப்பது சிறு குழந்தைகளுக்குக் கடினமாயிற்றே என்றெண்ணி மாண்டிசோரி இனிப்புகளும் பொம்மைகளும் தருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தைகளோ அவற்றை ஏற்கவில்லை. அமைதியே அவர்களுக்குப் போதுமான பரிசாக இருந்தது.

இந்தப் பெண்மணிதான் 1939 நவம்பரில் தம் மகன் மரியோவுடன் சென்னை வந்திறங்கினார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், அதற்கு மூன்றாண்டுகள் முன்பு கலாக்ஷேத்ராவை நிறுவியிருந்த ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். அடையாறு வளாகத்தில் சுமார் 300 ஆசிரியர்களும் மாணவர்களும் முதல் பயிற்சிக்குத் திரண்டனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரிநாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் மரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். தாயார் வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. குழந்தைகளின் மனஅமைதியைப் பற்றி வாழ்நாள் முழுதும் பேசியவர், மகனைப் பிரிந்த கலக்கத்துடன் ஆலமரங்கள் சூழ்ந்த அவ்வளாகத்தில் வாழ நேர்ந்தது. அவருடைய 70-ஆவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி மரியோவை விடுவிக்க வைஸ்ராய் ஆணையிட்டார். 1946 வரை நீண்ட அவ்வாழ்க்கைக்குப் பிறகும் அவர் மீண்டும் இந்தியா வந்தார். அவரது புகழ்பெற்ற நூலான 'உட்கிரகிக்கும் மனம்' 1949-இல் அடையாற்றிலிருந்தே வெளியாயிற்று. கலாக்ஷேத்ரா பின்னர் 1962-இல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. பெசன்ட் அருண்டேல் பள்ளியும் இன்று அவ்வளாகத்தில்தான் இயங்குகிறது. ஆக, நாம் பேசும் மரபு இவ்வூருக்கு அந்நியமானதன்று.

இவ்வரலாற்றைச் செயலி வடிவமைப்போர் முன் வைத்தால் என்ன தெரியவரும்? முதலாவது, பரிசு பற்றியது. நட்சத்திரங்கள், பதக்கங்கள், விடாமல் வந்த நாட்களின் எண்ணிக்கை, வராத நாளில் வந்து நிற்கும் நினைவூட்டல் ஆகியவையே பெரும்பாலான செயலிகளின் முதுகெலும்பு. மதிப்பெண்ணுக்கு அஞ்சி வாடிய குழந்தைக்கு இன்னொரு மதிப்பெண் பட்டியலை நீட்டுவது எப்படி மருந்தாகும்? சான் லொரென்சோவின் குழந்தைகள் வேண்டாமென்றதையே நாம் விலைபொருளாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, கூட்டம் பற்றியது. மௌன விளையாட்டில் ஒரு குழந்தை கால் அசைத்தாலும் அனைவரின் அமைதியும் கலையும். ஆகவே அது எல்லோரும் சேர்ந்து கட்டுவது. செயலியோ ஒரு குழந்தையைத் தனியே திரையின்முன் அமர்த்துகிறது.

மூன்றாவது, விருப்பம் பற்றியது. இங்கிலாந்தில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. எல்லோருக்கும் பாடமாக நடத்தப்பட்ட மனவிழிப்புப் பயிற்சி, பள்ளிகளில் வழக்கமாக அளிக்கப்படும் சமூக, உணர்வுக் கல்வியைவிட மனநலத்தில் மேலான பயன் எதையும் தரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் அதை வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. விரும்பாத மௌனம் வாயடைப்பாகவே எஞ்சும் போலும்.

எனவே அப்படியொரு செயலியே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. ஆசிரியரோ பெற்றோரோ அருகில் இல்லாத நள்ளிரவில், ஒரு தாழ்ந்த குரல் பெரிய துணை. ஆனால் அது புள்ளிகள் தராததாக, சில நிமிடங்களில் தானே முடிந்து திரையை அணைத்துக்கொள்வதாக இருக்கட்டும். தாயோ தாத்தாவோ தம் குரலில் குழந்தையின் பெயரைப் பதிந்து வைக்க இடமிருக்கட்டும். குழந்தையின் அச்சங்கள் எங்கோ தரவாகச் சேர வேண்டாம். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே பொதுவாகத் தடுக்கிறது. அச்சம் முற்றிய குழந்தையை மருத்துவரிடமோ 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கோ அனுப்பிவைக்கும் பணிவும் அதற்கு வேண்டும்.

மௌன விளையாட்டின் உச்சம் மௌனமன்று. அதன் முடிவில், காத்திருந்த ஒரு குழந்தை தன் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டு எழுந்து ஒரு மனிதரை நோக்கி நடப்பது. எந்தச் செயலியும் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், அவ்வாறு ஒருவரிடம் நடத்திக் கொண்டுபோய் விடுமானால், மருந்தீசரின் ஊருக்கு அது பொருத்தமான மருந்தாகவே இருக்கும்.