தொலைவழி உளவள ஆலோசனை: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி

தொலைவழி உளவள ஆலோசனை என்பது, அதிர்ச்சியாலும் பதற்றத்தாலும் அவதியுறுவோர் பயிற்சி பெற்ற ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ நேரில் சந்திக்காமல், தொலைபேசி, காணொளி, எழுத்துவழி உரையாடல் ஆகியவற்றின் வாயிலாகப் பெறும் உதவியைக் குறிக்கும். விபத்து, வன்முறை, போர் போன்றவற்றுக்குப் பின் அந்நிகழ்வு கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவதும், அதை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குவதும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் எனப்படும். அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் தன் நோய் வகைப்பாட்டில் இதற்கு 1980இல் இடமளித்தது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்த கும்மிடிப்பூண்டியில் இத்தகைய பாதிப்புக்கு இருவேறு ஊற்றுகள் உண்டு. உருக்கு உலைகளும் உருட்டாலைகளும் பிற ஆலைகளும் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் வெளிமாநிலத்தவர் பலர் ஒப்பந்த முறையில் பணிபுரிகின்றனர். கையோ விரலோ போன விபத்தை நேரில் கண்டவர் மறுநாளும் அதே இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். மற்றொன்று, போரின் நினைவுகளைச் சுமந்து வந்த குடும்பங்கள் வாழும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 2021 வரை அரசு ஆவணங்களில் இத்தகைய முகாம்கள் அகதிகள் முகாம்கள் என்றே குறிக்கப்பட்டன. இரு சாராரும் மனநோய் என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவது அரிது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை, கைகால் உதறுகிறது என்றே வருவர். இதயத் துடிப்புப் பதிவு சரியாக இருந்தால் சத்து மாத்திரையோடு பிரச்சினை முடிந்ததாகக் கருதப்படுவதும் உண்டு. 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநலக் கோளாறு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருப்பதாகக் கண்டது.

தமிழகத்தில் தொலைவழி மனநல சேவை கைப்பேசிச் செயலிகளோடு தோன்றியதன்று. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, அதனுள் அமர்ந்த நோயாளரைச் சென்னையிலிருந்த மருத்துவர் திரைவழியே பரிசோதிக்கவும், மருந்தை அப்பேருந்திலேயே வழங்கவும் வழிசெய்தது. நடுவண் அரசின் டெலி மானஸ் திட்டம் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதன் தலைமை மையமாகும். தமிழக அரசு இதனை 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரில் நடத்துகிறது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து மொழியைத் தேர்ந்தெடுத்தால் முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்படின் அழைப்பு மனநல வல்லுநருக்கு மாற்றப்படும், அல்லது மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் நேரில் செல்லுமாறு வழிகாட்டப்படும்.

ஆலோசனையின் உள்ளடக்கம் வெறும் ஆறுதல் மொழியன்று. மூச்சைச் சீராக்கவும், கண்முன் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணி நிகழ்காலத்திற்கு மீளவும் முதலில் பயிற்றுவிக்கப்படுகிறது. பின்னர், படிப்படியாக எதிர்கொள்ளல் எனப்படும் முறையில், அச்சமூட்டுவனவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திப் பழகுவர்: அழுத்து இயந்திரத்தில் விரலிழந்தவர் முதல் வாரம் அதன் படத்தைப் பார்ப்பார், அடுத்து ஆலைவாயில் வரை செல்வார், பிறகே ஓடாத இயந்திரத்தின் அருகில் நிற்பார். இயந்திரத்திற்குக் காப்பு பொருத்தப்படாத நிலையில் இப்பயிற்சி தொழிலாளியின் நியாயமான அச்சத்தை மழுங்கடிப்பதாகிவிடும் என்பதை ஆலோசகர் மறத்தலாகாது. நிகழ்ந்ததை உடனே ஒரே அமர்வில் முழுதும் விவரிக்கச் செய்யும் பழைய வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

இப்பகுதியில் தூரத்தைவிடத் தனிமையின்மையே பெருந்தடை. புறநகர் ரயிலேறிக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திற்குச் சென்றுவர ஒருநாள் கூலி போகும் என்பதால் தொலைபேசி பயன்தருவது உண்மையே. ஆனால் பலர் ஷிப்ட் முறையில் உறங்கும் விடுதி அறையிலும், சுவரை ஒட்டிச் சுவர் எழுந்த முகாம் வீட்டிலும் மனம்விட்டுப் பேச மொட்டைமாடியோ சாலையோரமோதான் கிடைக்கிறது. கணவரின் கைப்பேசியைப் பயன்படுத்தும் பெண்ணுக்கு அந்த இடமும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை உரிமையாக்கினாலும், அடுத்த பாயில் படுத்திருப்பவரின் காதை எந்தச் சட்டமும் மூடாது. 2024இல் டெலி மானஸ் காணொளி வசதியையும் பெற்றது. எனினும் முகம் காட்டத் தேவையற்ற, இணையச் செலவில்லாத குரல் அழைப்பே இத்தகைய இடங்களுக்கு ஏற்றது. ஒடியாவோ இந்தியோ தாய்மொழியான தொழிலாளிக்கு ஊர்மொழியில் பேசும் ஆலோசகர் கிடைப்பதும், உள்ளூர் மருத்துவமனையைவிட இவ்வழியில் எளிது.

மருந்தில் வரம்பு உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைவழியே எழுதித் தருவதைத் தடுத்தன. பதற்றத்திற்குப் பரவலாகக் கேட்கப்படும் அல்பிரசோலம் அவற்றுள் அடங்கும். தற்கொலை எண்ணம் முற்றியவர்க்கும், நடப்புலகத் தொடர்பு அறுந்தவர்க்கும் தொலைபேசி போதாது. அவர்களுக்கு நேரடி மருத்துவமனைச் சிகிச்சையே உரியது.