நூறு வயதைத் தொடும் 'ரூட் 66': பாலைவனத்தில் செத்துப்போன சாலைக்கு மறுபடி உயிர் வந்தது எப்படி?

அமெரிக்காவில் ஒரு சாலை. 1985-லேயே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் இருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வாடகைக் காரும் பைக்கும் எடுத்துக்கொண்டு அதில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதுதான் 'ரூட் 66'.

1926 நவம்பர் 11-ல் உருவான இந்தச் சாலை, சிகாகோவில் தொடங்கி கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா வரை சுமார் 3,900 கி.மீ. நீளம் கொண்டது. 2026-ல் அதற்கு நூறு வயது. இதில் பலரும் தேடிப் போவது அரிசோனாவின் செலிக்மனில் இருந்து கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனம் வழியாகப் போகும் பகுதியைத்தான்.

பிழைக்க ஓடியவர்களின் பாதை

இன்றைக்கு இது ஜாலி டிரிப். 1930-களில் அப்படி இல்லை. ஓக்லஹோமா பக்கம் வறட்சியும் புழுதிப்புயலும் விவசாயத்தை அழிக்க, குடும்பம் குடும்பமாக பழைய கார்களில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு மக்கள் மேற்கே கிளம்பினார்கள். ஜான் ஸ்டெய்ன்பெக் 1939-ல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் இவர்களின் கதைதான். 'மதர் ரோடு' என்ற பெயர் இந்தச் சாலைக்கு அதில் இருந்துதான் வந்தது.

பாலைவனத்தைத் தாண்டினால் மட்டும் போதாது. 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ், கலிஃபோர்னியா மாநில எல்லையிலேயே போய் நின்று, கையில் காசு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. சொந்த நாட்டுக்குள்ளேயே இந்த நிலைமை! கறுப்பின மக்களுக்கு இன்னும் மோசம். எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எங்கே சாப்பாடு தருவார்கள் என்று பார்க்கவே 'கிரீன் புக்' என்று தனியாக ஒரு கையேடு 1936 முதல் வந்தது.

ரிவர்ஸ் கியரில் ஏறிய மலை

கிங்மனுக்கும் ஓட்மனுக்கும் நடுவே சிட்கிரீவ்ஸ் கணவாய். கொண்டை ஊசி வளைவுகள், பக்கத்திலேயே பள்ளம். ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கும், பம்ப் கிடையாது. செங்குத்தான ஏற்றத்தில் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகாது. அதனால் காரைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள்! அதற்கும் தைரியம் இல்லாதவர்கள் காசு கொடுத்து, வேறு வண்டியில் கட்டி இழுத்துப் போகச் சொன்னார்கள்.

கணவாயைத் தாண்டினால் வரும் ஓட்மன், தங்கச் சுரங்க ஊர். சுரங்கம் மூடியதும் அவிழ்த்துவிடப்பட்ட கழுதைகளின் வாரிசுகள் இன்றும் தெருவில் சுற்றி, கார் ஜன்னலில் தலையை விடுகின்றன.

ஒரே நாளில் காலியான ஊர்கள்

1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு அகலமான 'இன்டர்ஸ்டேட்' சாலைகள் வந்தன. மொஹாவியில் உள்ள அம்பாயை 1973-ல் ஐ-40 சாலை ஒதுக்கிவிட்டுப் போனது. பெட்ரோல் பங்க், மோட்டல், கஃபே என எல்லாம் படுத்துவிட்டன. 1978 செப்டம்பர் 22-ல் செலிக்மனுக்கும் இதே கதி.

அந்த ஊரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்காடில்லோ சும்மா இருக்கவில்லை. 1987-ல் ஊர்க்காரர்களைச் சேர்த்து சங்கம் அமைத்தார். அதே ஆண்டு அரிசோனா அரசு இதை வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. 'கார்ஸ்' அனிமேஷன் படம் (2006) பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்ததுபோல இருக்கும். அந்தப் படக்குழு தகவல் சேகரிக்கப் போனவர்களில் இவரும் ஒருவர்.

அம்பாயை 2005-ல் ஆல்பர்ட் ஒகுரா என்ற கோழிக்கறி உணவகத் தொழிலதிபர் மொத்தமாக வாங்கினார். ஆமாம், ஊரையே! 1959-ல் வைத்த 'ராய்ஸ்' மோட்டலின் நியான் போர்டு 2019-ல் மறுபடி எரிந்தது. ஒகுரா 2023-ல் காலமானார்.

இப்போது போகலாமா?

இங்கேதான் சிக்கல். மொஹாவி பகுதியில் 1930-களில் கட்டிய மரப்பாலங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. மழை எப்போதாவதுதான் பெய்யும். பெய்தால் காட்டாற்று வெள்ளம்தான். 2014 வெள்ளத்தில் பல பாலங்கள் சேதமாகி, சாலையின் சில பகுதிகள் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்தன. மாற்றிக் கட்ட பெரும் செலவு, அந்த வழியாக ஓடும் வண்டிகளோ கொஞ்சம்.

போகிறவர்கள் கிளம்பும் முன் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது நல்லது. கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது என்பதால், மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். தண்ணீரும் பெட்ரோலும் ஃபுல்லாக இருக்கட்டும்.