குசினி மாற எழும்பின கோழிகள்

பெரிபெரி எண்ட நோயின் பெயர் சிங்களத்தின் ‘பெரி’ (ஏலாது) எண்ட சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கால் மரத்து, நடக்க ஏலாமல், கடைசியில் இதயமும் ஏலாமற் போகும் நோய் அது. 1886இல் அதை ஆராய ஒல்லாந்து அரசு யாவாவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. மக்கள்மேல் வந்த இரக்கம் இல்லை. ஆச்சே மக்களுக்கு எதிரான போரில் அதன் படையினர் பெரிபெரியால் விழுந்துகொண்டிருந்தார்கள்.

குழு திரும்பிய பிறகும் கிறிஸ்ரியான் ஐக்மன் பத்தாவியாவில் தங்கினார். காரணம் கிருமிதான் எண்டு நம்பி, கோழிகளில் சோதனை செய்தார். 1889இல் ஊசி போட்ட கோழி, போடாத கோழி எல்லாமே தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் நோய் தானாக நிண்டுவிட்டது. விசாரித்தால் விசயம் குசினியில் இருந்தது. கோழிகளுக்கு இராணுவ ஆஸ்பத்திரியின் தீட்டிய அரிசிச் சோறு போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றை வெளிக் கோழிகளுக்குக் குடுக்க ஏலாது எண்டிட்டார்.

தவிடு சேர்த்தால் கோழிகள் தேறின. ஆனால் மாப்பொருளில் நஞ்சு இருக்கு, தவிடு அதை முறிக்குது எண்டுதான் ஐக்மன் விளக்கினார். நஞ்சு இல்லை, தவிட்டோடு போகிற ஏதோவொன்றின் குறைபாடு எண்டு 1901இல் சொன்னவர் கெரிற் கிறைன்ஸ். அதைத்தான் இன்று விற்றமின் பி1 எண்கிறோம். 1929இல் நோபல் பரிசு ஐக்மனுக்கும் ஹொப்கின்சுக்கும் போனது. கிறைன்சுக்கு இல்லை.

கோழியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? அதற்குச் சிறைகள் உதவின. வோர்டர்மன் எண்ட அதிகாரி யாவாவின் நூறளவு சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி குடுத்த இடங்களில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. தீட்டாத அரிசி குடுத்த இடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஒருவர். கைதிகளிடம் ஆரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் தின்ற சோறே ஆய்வாயிற்று.

இதைத் ‘தற்செயலான கண்டுபிடிப்பு’ எண்டு சொல்லிக் கடந்துவிடலாம். எங்களுக்கு அது போதாது. சமையற்காரர் மறுத்தது தற்செயல்தான். ஆனால் ஆய்வுகூடத்தைக் கட்டியது போர், கணக்கைத் தந்தது சிறை, அரிசியை வெள்ளையாக்கியது ஆலை. இண்டைக்குப் பண்ணைத் தீனியில் பி1 அளந்து சேர்க்கிறார்கள். அந்த அறிவுக்கு விலை குடுத்த கைதிகளும் சமையற்காரரும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். வரலாறு படிக்கிற நாங்கள் அந்த வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.