ஏழுக்கு நான்கு: சப்ரகமுவத் தோட்ட மக்களும் ஒரு திட்டத்தின் நெருக்கடிப் பாதையும்

அரசுகள் வகுக்கும் திட்டங்களை ஆராயும் வரலாற்று மாணாக்கன், அவை யாவை என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. குறித்த காலத்தில் அவை முடியாமற் போனதற்குக் காரணம் யாது என்றும் கேட்டல் வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் புதுதில்லியிற் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டிய ஒரு திட்டமாகும். எனினும், அது தீர்க்கக் கருதிய நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் பெரும்பாலும் தீர்ந்தது 2003ஆம் ஆண்டிலேயாம். இத்தாமதத்துக்கு அரசியலாரின் மனமின்மையே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை பொய்யன்று, ஆயினும் முழுமையானதுமன்று. பொறியியலாளர் கைக்கொள்ளும் ஒரு கணக்குமுறையை இவ்வொப்பந்தத்தின்மேல் வைத்து நோக்கின், தாமதம் திட்டத்தின் அமைப்பிலேயே முடிச்சிடப்பட்டிருந்தது என்பது புலனாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் பாத் என வழங்கும் அம்முறையை ஈண்டு நெருக்கடிப் பாதை என்போம். அதனை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை; பலாங்கொடையிலோ தெரணியகலையிலோ உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையே போதும். பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டு, வாட்டப்பட்டு, உருளையில் அரைக்கப்பட்டு, புளிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டு, பின்னர் சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றது. இவற்றுள் வாட்டுதலே இரவு முழுவதையும் விழுங்குவது. அரைக்கும் பொறியை இருமடங்கு விரைவாக்கினும் கொழுந்து வாடும்வரை அது வெறுமனே நிற்கவேண்டியதே. மாறாக, தேயிலைப் பெட்டிகளைச் செப்பனிடும் வேலை இரண்டு மணி நேரம் பிந்தினும் அன்றைய தேயிலை பிந்துவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழவேண்டிய வேலைத் தொடர்களுள் மிக நீண்டது எதுவோ, அதுவே நெருக்கடிப் பாதை. அதன்கண் ஒரு நாள் தவறின் முழுத் திட்டமும் ஒரு நாள் தவறும். அதற்கு வெளியே உள்ள வேலைகளுக்குச் சிறிது தளர்வு உண்டு.

இவ்வுண்மை பழையதே எனினும், இதனைக் கணக்காக வகுத்தோர் அமெரிக்கர். டூப்பொண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் 1957ஆம் ஆண்டளவில் யுனிவாக் கணினியின் துணைகொண்டு இம்முறையை உருவாக்கினர். மறு ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தின் பொருட்டு இதனையொத்த வேறொரு முறையை அமைத்தது. 1980களில் பிரிமவேரா, மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் முதலிய மென்பொருள்கள் தோன்றியபின், இக்கணக்கு சிறிய அலுவலகங்களுக்கும் எட்டுவதாயிற்று.

ஆயின், கணினி தானாக எதையும் அறிவதில்லை. எந்த வேலை எதன்பின் வரும் என்று நாம் பிணைத்துக் கொடுக்கும் பிணைப்புகளையே அது கூட்டிக் கணக்கிடுகின்றது. விடை உண்மையோடு ஒவ்வாதவிடத்து, தேர்ந்தோர் நான்கு சோதனைகளைச் செய்வர். வேலைகளுக்கிடையே இட்ட பிணைப்பு இயல்பானதா, மனிதர் விரும்பி இட்டதா என்பது முதலாவது. முன்னும் பின்னும் பிணைக்கப்படாது அந்தரத்தில் நிற்கும் வேலைகள் உளவா என்பது இரண்டாவது. மழை, விடுமுறை, இடையூறு ஆகியவற்றைக் கருதிய நாட்காட்டி உண்டா என்பது மூன்றாவது. முடிவுநாள் வேலைகளைக் கணக்கிட்டுப் பெறப்பட்டதா, முன்னரே ஆணி அறைந்து வைக்கப்பட்டதா என்பது நான்காவது. இந்நான்கையும் மனத்துட் கொண்டு ஒப்பந்தத்தை நோக்குவோம்.

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. நுவரெலியாவிற் போலன்றி, இங்குத் தேயிலையும் இறப்பரும் விளையும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆதலின், தோட்டத் தமிழர் இங்கே சிறு சிறு தொகுதியினராய், அயலாரை நம்பியே வாழவேண்டிய நிலையினர். அவர்தம் வாழ்வில் ஒரு கொடிய பிணைப்பு ஒப்பந்தத்துக்கு முன்னரே இருந்தது. தோட்டத்தில் வேலை உள்ளவனுக்கே லயத்தில் அறை உண்டு. வேலை நின்றால் வீடும் நின்றது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்காகக் கையேற்று, தொழிலாளரை வெளியேறப் பணித்தபோது இப்பிணைப்பின் கூர்மை வெளிப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர்; 1946இல் அப்பகுதித் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. பரம்பரையாய் வாழ்ந்த இடத்தில் தங்கும் உரிமை எதன்மேல் நிற்கின்றது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

இரண்டாண்டு கழிந்து 1948இல் இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வினாவுக்குப் பாதகமான விடை தந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 134,000 பேரே உரிமை பெற்றனர். எஞ்சியோர் இலங்கையராகவும் இந்தியராகவும் ஏற்கப்படாது நாடற்றவராயினர். 1964இல் அவர்தம் தொகை 975,000 என மதிக்கப்பட்டது. இவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என ஒப்பந்தம் வகுத்தது. அம்மக்களின் தலைவர்களைக் கலந்து இது செய்யப்படவில்லை. இரு வேலைகளும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பரப்பப்பட்டன. வகுத்துப் பார்ப்பின் ஆண்டுக்கு 35,000 பேர் புறப்படவும் 20,000 பேர் உரிமை பெறவும் வேண்டும். ஏழுக்கு நான்கு என்னும் விகிதம் இவ்வாறு பிறந்தது.

இப்போது முதற் சோதனையைச் செய்வோம். ஒருவருக்குப் பிரஜாவுரிமைச் சான்று எழுதிக் கொடுப்பதற்கு மற்றொருவர் கப்பலேறுதல் இயல்பான முற்செயலா? கொழுந்து வாடாமல் அரைக்க இயலாது என்பது இயற்கை. இரத்தினபுரியில் தங்கும் ஒருவருக்கு உரிமை வழங்க, கேகாலையில் வேறொருவர் மூட்டை கட்டவேண்டும் என்பதோ மனிதர் இட்ட முடிச்சு. இரு வேலைகளும் இயன்றவரை சமமாய் நடைபெற வேண்டும் என்ற ஒப்பந்த வாசகத்திலிருந்து இம்முடிச்சு தோன்றியது. 1967ஆம் ஆண்டின் நடைமுறைப்படுத்தற் சட்டம் இதனைச் சிறிது தளர்த்தி, இந்தியப் பிரஜாவுரிமை பெற்றோர் ஏழு பேருக்கு நால்வர் என அமைத்தது. 1971இல் வந்த திருத்தமோ முடிச்சை மீண்டும் இறுக்கி, உண்மையில் நாட்டைவிட்டுச் சென்றோர் ஏழு பேருக்கே நால்வர் என்றாக்கியது. இதனால் நெருக்கடிப் பாதை முழுவதும் புறப்பாட்டின் வழியே செல்லலாயிற்று.

அப்புறப்பாடு எத்தகையது? விண்ணப்பம், விசாரணை, இந்தியப் பதிவு, கடவுச்சீட்டு, ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெறல், பணம் கொண்டுசெல்ல அனுமதி, தலைமன்னார் புகைவண்டி, இராமேசுவரத்துக்குக் கப்பல் என அது ஒரு நீண்ட தொடர். இவற்றுள் எந்தப் படியில் ஒரு குடும்பம் தடைப்படினும், அதனோடு எவ்வித உறவுமில்லாத மற்றொரு குடும்பத்தின் உரிமையும் தடைப்பட்டது. காவத்தையில் வரிசையின் முன்னிற்கும் ஒருவர் தம்முடைய பத்திரங்களை எவ்வளவு செம்மையாக வைத்திருந்தாலும் பயனில்லை. அவருடைய நாள் அவர் அறியாத ஏழு பேரின் காலடியில் இருந்தது.

இரண்டாம் சோதனை அந்தரத்தில் நிற்கும் வேலைகளைப் பற்றியது. 150,000 பேர் முதற்றிட்டத்தில் எந்தப் பாதையிலும் சேர்க்கப்படவில்லை. 1974இல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் அவர்களை 75,000 வீதம் பகிர்ந்துகொண்டனர். ஒன்பது ஆண்டுக்கு மேல் அதற்குள் கழிந்திருந்தது. இதனினும் பெரிய குறை, மக்களின் விருப்பம் என்னும் படி கணக்கில் இல்லாமையே. இந்தியா ஏற்கவேண்டிய தொகை 600,000 ஆயிற்று. விண்ணப்பித்தவரோ 506,000 பேர். இலங்கையிலேயே இருக்க விரும்பி விண்ணப்பித்தோர் ஒதுக்கிய தொகையைப் பெரிதும் விஞ்சினர். 94,000 பேர் எவர் திட்டத்திலும் அடங்காது எஞ்சினர்.

மூன்றாம் சோதனை நாட்காட்டி. பதினைந்து ஆண்டு என்ற கணக்கு அமைதியான ஆண்டுகளைக் கருதியது. முதல் மூன்று ஆண்டுகள் சட்டம் இயற்றுவதிலேயே கழிந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கைமாறின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் லயங்களை வாட்டியது. 1977இல் வன்செயல் மூண்டது. 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. சப்ரகமுவவில் சிதறி வாழ்ந்தோரின் அச்சம் எத்தகையதாய் இருந்திருக்கும் என்பது கூறாமலே விளங்கும். பலர் வன்னிக்கு ஓடினர். சிலர் இருக்கக் கருதிய மனத்தை மாற்றிக்கொண்டனர். இங்ஙனம் வன்முறையே புறப்பாட்டை விரைவுபடுத்தும் கருவியாயிற்று. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரக் கப்பல் நின்றபோது, பாதையின் கடைசிப் படியே இல்லாதொழிந்தது.

நான்காம் சோதனை முடிவுநாள். அது கணக்கிட்டு வந்ததன்று. ஒப்பந்தத்தில் ஆணி அறைந்து வைத்தது. சட்டம் நடைமுறைக்கு வரப் பிந்தியதால் அது 1981 ஒக்ரோபருக்குத் தள்ளப்பட்டது. அந்நாள் வந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. காலம் தீர்ந்தது என்றது இந்தியா. கடமை தீரவில்லை என்றது இலங்கை. திட்டத்தின் காலம் முடிந்தும் மக்கள் முடியாமல் நின்றனர்.

இத்திட்டத்துக்கு ஆதரவாக ஒரு நியாயம் கூறப்படலாம். அதனையும் நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். தான் உரிமை வழங்கி முடித்தபின் இந்தியா தன் பங்கை ஏற்காது விடுமோ என்று இலங்கை அஞ்சிற்று. விகிதம் அந்த அச்சத்துக்கு இட்ட பிணை. இரு அரசுகளுக்கிடையே பிணை கேட்பதில் தவறில்லை. ஆயின், அப்பிணை அரசுகளின் கருவூலத்திலிருந்து எடுக்கப்படவில்லை. கடன்படாத தோட்டத் தொழிலாளியின் வாழ்நாளிலிருந்து எடுக்கப்பட்டது. வாக்கின்றி, அரச வேலைக்குத் தகுதியின்றி, ஒரு தலைமுறை காத்திருந்து அதனைச் செலுத்திற்று.

இறுதியில் தீர்வு எவ்வாறு வந்தது என்பதே இவ்வாராய்ச்சியின் மையம். எவரும் புறப்பாட்டை விரைவாக்கிக் கணக்கை நேர்செய்யவில்லை, முடிச்சையே அவிழ்த்தனர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய 94,000 பேரையும் இலங்கையின் பொறுப்பிற் சேர்த்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் சட்டப்படி இங்கு வாழ்ந்து இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத நாடற்றோரையும் அவர்தம் வழித்தோன்றலையும் பிரஜைகளாக்கிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாது தங்கியோருக்கும் வழி திறந்தது. அவ்வாண்டின் இறுதியில், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையகத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில், பத்து நாள்களில் ஏறத்தாழ 190,000 பேர் பத்திரம் பெற்றனர். ஆண்டுக்கு 20,000 என்று 1964இல் வகுத்த வேலை, பத்து நாள்களில் அதன் ஒன்பது மடங்குக்கு மேல் நடந்தது! வேலை கடினமானதன்று, பிணைப்பே கடினமாயிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் கல்லூரியிற் பயின்று பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் செல்லும் மாணாக்கர் இம்மென்பொருள்களைக் கையாளுவர். திரையிற் செந்நிறக் கோடாய்த் தோன்றும் நெருக்கடிப் பாதையைக் கண்டவுடன், அப்பாதையில் உள்ளோரை விரைவுபடுத்தவே மனம் விழையும். அதற்குமுன் ஒவ்வொரு பிணைப்பையும் தொட்டு, இதனை இட்டது இயற்கையா, மனிதரா என்று வினவுதல் நன்று. மனிதர் இட்டதாயின், அதன் பொருட்டுக் காத்திருப்பவர் யாவர் என்பதும் அடுத்து வினவத் தக்கது. இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் முதியோர் பேழைகளில் இன்றும் பேணும் பழைய விண்ணப்பத் துண்டுகள் இரண்டாம் வினாவுக்குரிய விடைகளாம்.