முதுகில் மேடு கட்டிய போன்

அந்தமானில், போர்ட் பிளேரின் பீனிக்ஸ் பே ஜெட்டியில், டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணி தாண்டினால் இருட்டு. இந்தியாவின் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கத்து வெயிலுக்கு ஓடுகிறது. நாங்களோ அங்கிருந்து பத்துப் பாகை கிழக்கே கிடக்கிறோம். அந்த இருட்டில், ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த போட்டை விட்டு இறங்கும் கூட்டத்தை ஒரு படம் எடுத்தேன். போனின் முதுகிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மின்னல் அடித்தது. பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன் கண்ணைக் கசக்கியபடி கேட்டான்: “அண்ணே, இது போனா, கேமராவா?”

அதைச் செய்தவர்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்கள்.

நோக்கியா 808 பியூர்வியூ. எடை 169 கிராம். கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் முதுகு மேடு கட்டி, தடிமன் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் வரும். சட்டைப்பையில் போட்டால் கூடவே ஒரு தீப்பெட்டியையும் போட்டுக்கொண்டது போல இருக்கும். பல வருஷமாக எனக்கு அழைப்பு வருவதும், ஓடிபி வருவதும், படம் எடுப்பதும் இதில்தான்.

இது பிறந்த கதை ஜூம் ஆசையில் தொடங்குகிறது. 2005-ல் நோக்கியா, ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் என்93 என்று ஒரு போன் வந்தது. லென்ஸ் உள்ளுக்குள் நகர்ந்து மூன்று மடங்கு தூரத்தை இழுத்துக் காட்டும் அசல் ஆப்டிகல் ஜூம் அதில் இருந்தது. திறந்து திருப்பிப் பிடித்தால் கல்யாண வீட்டு வீடியோ கேமராவின் குட்டி மாதிரி இருக்கும். கைக்குச் சரி, பைக்கு ஆகாது. லென்ஸ் முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும். போனோ வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. அது போதாதென்று, சின்ன லென்ஸில் தூரத்தை இழுக்க இழுக்க உள்ளே வரும் வெளிச்சமும் குறைந்தது.

பின்லாந்துப் பொறியாளர்கள் கடைசியில் ஆசையைக் கைவிடவில்லை, நகரும் லென்ஸைக் கைவிட்டார்கள். நகரவே வேண்டாம், ஒரே இடத்தில் இருக்கட்டும். அதன் பின்னால் இருக்கும் சென்சாரை மட்டும் பெரிதாக்குவோம். தூரத்துப் பொருள் வேண்டுமென்றால் நடுப்பகுதியை வெட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் காலங்காலமாகச் செய்ததுதான் இது. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு, தனிப்படம் இல்லையே என்று வீட்டார் ஒரு குரூப் போட்டோவைக் கொண்டுபோவார்கள். அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலைக்கு ஆணியும் வைத்துத் தருவார் ஸ்டூடியோக்காரர். பெரிய நெகட்டிவாக இருந்தால் தாத்தா தெளிவாக வருவார். சின்னதாக இருந்தால் புகைமூட்டத்துக்குள் சிரிப்பார்.

808-க்குள் வைத்த நெகட்டிவ் பெரிது. அதே காலத்து ஐபோன் 4எஸ்-ன் சென்சாரோடு பரப்பளவை ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கு மேல். பெட்டியில் 41 மெகாபிக்சல் என்று போட்டிருந்தார்கள். ஆனால் எந்தப் படமும் 41 ஆக வராது. லென்ஸ் விழுத்தும் வெளிச்சம் வட்டமானது, படமோ செவ்வகம். ஓரத்தில் கொஞ்சம் வீணாகும். படத்தின் வடிவத்தைப் பொறுத்து 38 அல்லது 34 வரைக்கும்தான் கிடைக்கும்.

அந்த 38-ஐ யாரும் தினசரி பயன்படுத்தவேண்டும் என்று அவர்கள் எண்ணவே இல்லை. போனைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே உபயோகித்தால் அது சேமிப்பது வெறும் 5 மெகாபிக்சல் படம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஏறக்குறைய ஏழு புள்ளிகள் பார்த்ததைச் சேர்த்து ஒரே புள்ளியாக எழுதும். பஞ்சாயத்தில் ஏழு சாட்சிகளைக் கேட்டு ஒரு வரி எழுதுவது போல. இருட்டில் ஒருவர் உளறினாலும் மற்ற ஆறு பேர் திருத்திவிடுவார்கள். படத்தில் மணல் தூவினாற்போல வரும் அந்தப் புள்ளிப்புள்ளி இரைச்சல் இப்படித்தான் அடங்கியது. ஜூம் செய்தால் சாட்சிகள் குறைவார்கள்; மூன்று மடங்கு இழுத்ததும் ஒரு புள்ளிக்கு ஒரே சாட்சிதான் மிஞ்சும். அதற்கு மேல் இழுக்க இந்தப் போன் விடாது. இல்லாததை இருப்பதாகக் காட்ட மறுக்கிற அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

நிறையப் பார், கொஞ்சமாக எழுது. இந்த விஷயம் அந்தமானில் எப்படி உதவியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தொடுதிரையும் நல்ல கேமராவும் ஒரே உடம்பில் முதலில் சேர்ந்தது 808-ல் அல்ல. 2007-ல் இரண்டு போன்கள் வந்தன. எல்ஜி வியூட்டியில் 5 மெகாபிக்சல் கேமரா. ஆனால் திரையை அழுத்தினால்தான் கேட்கும். முதல் ஐபோனின் திரை வருடினாலே கேட்கும். ஆனால் கேமரா 2 மெகாபிக்சல், வீடியோவே கிடையாது. அழுத்தும் திரை என்பது இரண்டு மெல்லிய படலங்கள். விரலோ நகமோ குச்சியோ அழுத்தினால் ஒன்றை ஒன்று தொடும். வருடும் திரைக்கு மின்சாரம் கடத்தும் விரல் வேண்டும், ஈரம் பட்டால் அதற்குக் குழப்பம். ஜங்லிகாட் மீன் சந்தையில் ஒரு அக்கா நோக்கியா 5800 வைத்திருந்தார், அழுத்தும் ரகம். செதிலும் தண்ணீருமான கையால் கட்டைவிரல் நகத்தை வைத்து நம்பர் போடுவார். என் 808 வருடும் ரகம். அங்கே நிற்கும்போது அழைப்பு வந்தால் வேட்டியில் கையைத் துடைக்கிறவன் நான்தான். எல்லாரும் அந்தப் பழைய திரையை மட்டம் என்று சொல்லி ஒழித்துவிட்டார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ஒருவரைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

808-ன் கேமரா தயாராகிக்கொண்டிருந்த வருஷங்களில் வீடு தீப்பிடித்தது. நோக்கியாவின் ஸ்மார்ட்போன்கள் சிம்பியன் என்ற மென்பொருளில் ஓடின. அந்தப் பெயர் 1998-ல் உருவான ஒரு கூட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் புதுத் தலைவர் ஸ்டீபன் இலாப், இனி எங்கள் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாப்டின் விண்டோஸ்தான் என்று அறிவித்தார். சிம்பியனுக்கு அன்றே பாடை கட்டியாயிற்று. ஆனால் அந்தப் பெரிய கண் சிம்பியனுக்காகவே பல வருஷம் பாடுபட்டு வளர்ந்தது. பாதி வழியில் வேறு உடம்புக்கு மாற்ற முடியாது. ஆக, 2012 பிப்ரவரி 27 அன்று பார்சிலோனாவில் 808-ஐ மேடையேற்றியபோது, உலகத்தின் ஆகச்சிறந்த போன் கேமரா ஒரு சாகப்போகிற மென்பொருளின் முதுகில் சவாரி செய்து வந்தது. முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜூன் மாதம் இங்கே 33,899 ரூபாய். மறு வருஷம் ஜனவரியில், இதுதான் எங்கள் கடைசி சிம்பியன் போன் என்று நோக்கியாவே சொல்லிவிட்டது. தலைச்சன் மாதிரி கொண்டாடவேண்டிய பிள்ளை, கடைக்குட்டியாகப் போயிற்று.

நோக்கியா என்றால் நமக்கு ஒரு ஊர்ப்பாசமும் உண்டு. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஷிப்டு ஷிப்டாகப் பெண்கள் போன் கோத்தார்கள். பெரும்பாலும் சாதாரணப் பொத்தான் போன்கள். 2014 நவம்பர் 1-ல் அது நின்றது. என் 808-ஐ அதற்குப் பின் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாங்கினேன். புது விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கடைக்காரர், “இது ஓடாது சார், ஆப் எதுவும் வராது” என்று நேர்மையாகச் சொன்னார். போர்ட் பிளேருக்குக் கப்பல் மூன்று நாள். கரை மறைந்ததும் எல்லாருடைய போனும் சிக்னலை இழந்து வெறும் கண்ணாடிப் பலகையாயிற்று. என்னுடையது மட்டும் வேலையை ஆரம்பித்தது. (ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.)

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது புரியக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி வரை எங்கள் இணையம் வானத்திலிருந்து வந்தது. செயற்கைக்கோள் வழியே வரும் ஒல்லியான ஓடையை மொத்தத் தீவுகளும் பங்குபோட்டுக் குடித்தன. மேகம் கூடினால் ஓடையும் வற்றும். அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போட்ட கேபிள் திறக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவற்றையும் அது தொட்டது. அதற்கு முன்பு, புதுப் போன் வாங்கியவர்கள் பெரிய பெரிய படமாக எடுத்துவிட்டு, அனுப்புவதற்கு நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள். என் போன் 38-ஐப் பார்த்து 5-ஆகச் சுருக்கி வைத்திருக்கும். கோப்பு சின்னது, படம் சுத்தம். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் அனுப்பிய படம், பக்கத்து வீட்டுக்காரரின் படம் பாதி வழி போவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அது மட்டுமல்ல. இணைய மேகத்தில் (கிளவுட்) சேமிக்கும் பழக்கம் பரவுவதற்கு முன்னால் பிறந்த போன் என்பதால், வேண்டியதெல்லாம் கூடவே வைத்திருக்கிறது. வரைபடம் உள்ளேயே இருக்கிறது. பென் டிரைவை ஒரு சின்ன வயர் போட்டு நேராகச் சொருகலாம். தீவில் சினிமாவும் பாட்டும் ரொம்ப நாள் அப்படித்தான் கைமாறின. இயர்போன் மாட்டினால் எப்எம். பின்மூடியைக் கழற்றி பேட்டரியை நீங்களே எடுக்கலாம். உப்புக்காற்றில் அதன் முனைகள் கறுத்துப்போகும். பள்ளிக்கூட அழிரப்பரால் நாலு தேய் தேய்த்தால் மறுபடி உயிர் வரும். அசல் பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. பெயர் தெரியாத ஒன்றை வாங்கினேன், ஒரு மழைக்காலத்தில் பூரி மாதிரி உப்பியது. மறுபடி பழையதற்கே வந்தேன், மதியத்துக்குமேல் தாங்காது.

முடியாததன் பட்டியலும் நீளம். 2017 ஜூன் 30-ஓடு சிம்பியனுக்கு வாட்ஸப் நின்றது. 4ஜி மட்டுமே பேசும் சிம்மை இது ஏறெடுத்தும் பார்க்காது. வங்கித் தளங்கள் திறப்பதில்லை. மீன்கார அக்காகூட இப்போது தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். நான் சில்லறை எண்ணும்போது, “என்ன தம்பி, அவ்வளவு பெரிய கேமரா வச்சிருக்க, இத ஸ்கேன் பண்ணாதா?” என்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும்.

ஆனால் இந்த ஊரில் கேமரா போன் வைத்திருப்பவன் முதலில் கற்பது எடுக்காமல் இருப்பதைத்தான். விமான நிலையம் கடற்படையின் இடத்தில் இருக்கிறது. இறங்கியதும் போனை உள்ளே வை என்பார்கள். அதைவிட முக்கியம் அந்தமான் டிரங்க் ரோடு. ஜிர்க்காடாங் செக்போஸ்ட் தாண்டினால் ஜாரவாப் பழங்குடியினரின் காடு. வண்டிகள் நேரம் குறித்து வரிசையாகத்தான் போகவேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. 1956-லேயே பழங்குடிப் பாதுகாப்புக்குச் சட்டம் உண்டு. 2012 ஜனவரியில், சுற்றுலாக்காரர்களுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் ஒரு வீடியோவை லண்டனின் அப்சர்வர் இதழ் வெளியிட்டது. நாடே தலைகுனிந்தது; அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். அந்த வீடியோ வந்த அடுத்த மாதம்தான் பார்சிலோனாவில் என் போனுக்கு மேடை. ஒருமுறை அந்தச் சாலையில் பஸ் கண்டக்டர் எல்லாருடைய போனையும் விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் சுட்டி, “அந்தக் கேமராவைப் பைக்குள்ள வைங்க” என்றார். மற்றவர்கள் கையில் இருந்தவை இன்றைய கணக்கில் இதைவிடப் பெரிய கேமராக்கள். மேடு இல்லாததால் தப்பித்தன.

என் அக்கா மாயாபந்தரில் இருக்கிறாள். கேபிள் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்: “வாட்ஸப்புல போடேண்டா, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி?” நான் மெமரி கார்டைக் கழற்றி, பஞ்சு வைத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, அவள் பெயரை எழுதி, மோகன்புரா ஸ்டாண்டில் விடியற்காலை வண்டி டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். போன வாரம் அனுப்பியதில் அவள் மகள் கல்யாணப் படம் நூற்றுச் சொச்சம். கவர் டிரைவர் சட்டைப்பையில் ஏறி, ஜிர்க்காடாங்கில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று, எல்லாரும் போனை உள்ளே வைத்துவிட்ட பிறகு, அந்தக் காட்டு வழியாகப் போயிற்று. சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “மாப்பிள்ளைக்குப் பின்னால நிக்கிறது யாருடா, நம்ம பெரியப்பா மாதிரி இருக்கே? அவரை மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமா?”