கோல் வளையும் இடம்

சென்ற வருஷம் கோடையில் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் என் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அத்திம்பேர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் நம் ஊரில் பஞ்சாங்கம் பார்ப்பார்கள், பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவார்கள். அத்திம்பேர் மீன் பிடிக்கிறார். பிடித்த மீனைச் சாப்பிடுவதுகூட இல்லை. தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுகிறார். "பிடிக்கிறதும் விடறதுமா ஒரு மனுஷன் பொழுது போகுமா?" என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவள் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. கார்க் கொட்டகையின் சுவரில் வரிசையாகப் பதினொரு தூண்டில் கோல்கள் சாய்ந்திருந்தன.

காவிரிக் கிளை வாய்க்கால் ஒன்றின் கரையில் வளர்ந்தவன் நான். மூங்கில் கொப்பு ஒன்று, தங்கூஸ் நரம்பு இரண்டு கஜம், தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவுதான் எங்கள் முதலீடு. கெண்டையும் அதில்தான் வந்தது, கெளுத்தியும் அதில்தான் வந்தது. எதற்குப் பதினொன்று என்று கேட்டேன். அத்திம்பேர் சிரித்தார். "நாளைக்கு வாப்பா, தெரியும்" என்றார்.

தெரிந்தது. அதிகாலையில் ஏரியில் படகை நிறுத்தி, மீன் போலவே வர்ணம் பூசி, வயிற்றிலும் வாலிலும் மும்முள் தொங்கும் ஒரு கட்டை இரையை என் கையில் கொடுத்தார். நான் படகில் கிடந்த கோல்களிலேயே கம்பீரமானதாக ஒன்றை எடுத்து அதில் கட்டச் சொன்னேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. மூன்று மீன்கள் கடித்தன. மூன்று தடவையும் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மூன்றும் படகுக்கு நாலு முழ தூரத்தில் வாயை உதறிக்கொண்டு போய்விட்டன. பிறகு அத்திம்பேர் வேறு ஒரு கோலை நீட்டினார். பார்க்கக் கொழகொழவென்று, இடுப்பு செத்த கோல். நாலாவது மீன் படகுக்குள் வந்து விழுந்தது. ஒன்றரைப் பவுண்டுதான் இருக்கும். ஆனால் எனக்கு அன்று முழுவதும் வேறு நினைவு இல்லை.

பாஸ் என்கிற அந்த மீன் குணத்தில் நம் விராலுக்குத் தாயாதி. பாசியிலும் கட்டையிலும் பதுங்கியிருந்து தவளை, சின்ன மீன், தத்துக்கிளி எது வந்தாலும் பாய்ந்து விழுங்கும். 1802-ல் லாசெப்பேத் என்ற பிரெஞ்சு சாஸ்திரி அதற்கு 'மைக்ராப்டெரஸ்' என்று பெயர் வைத்தார். சின்னத் துடுப்பு என்று அர்த்தம். அவர் கைக்குப் போன மீனின் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது; கிழிசலைத் தனித் துடுப்பு என்று எண்ணிவிட்டார். கிழிசல் பெயரே நிலைத்துவிட்டது.

இரவு சாப்பாட்டுக்கு மேல் அத்திம்பேர் விளக்கினார். ஒவ்வொரு கோலின் அடியிலும் இரண்டு குறிப்பு எழுதியிருக்கிறது. ஒன்று அதன் வலு. எவ்வளவு பாரத்துக்கு அது வளைந்து கொடுக்கும் என்பது. வீசும்போது இரையின் கனம்தான் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிர்கிற வேகத்தில்தான் இரை பறக்கிறது. இலேசான இரைக்கு முரட்டுக் கோல் வளையவே வளையாது. இரை காலடியில் விழும். இரண்டாவது குறிப்பு கோல் எங்கே வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்து சட்டென்று நிமிர்கிற கோலை 'ஃபாஸ்ட்' என்கிறார்கள். நடு வரைக்கும், சில சமயம் பிடி வரைக்கும், வில் மாதிரி வளைகிறது 'மாடரேட்'. கடைக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஃபாஸ்ட் என்றால் உசத்தி என்று நினைத்து வாங்கிவிடுவார்களாம். நானும் அந்த ஜாதிதான்.

மும்முள் சின்னது, கூர்மையானது, தொட்டால் குத்தும். அதற்குப் பலம் வேண்டாம், நிதானம் வேண்டும். மீன் இரையைச் சரியாக வாய்க்குள் வாங்க ஒரு கணம் அவகாசம் தந்து, பிறகு அது திமிறும்போதெல்லாம் விட்டுக் கொடுக்கிற கோல்தான் அதற்கு ஏற்றது. விறைத்த கோல் அந்த அவகாசத்தைத் தராது, குத்தின இடத்தையும் கிழித்துவிடும். ரப்பர் போன்ற பிளாஸ்டிக் புழுவில் கதை நேர் எதிர். ஒற்றை முள், தடித்த முள், புழுவின் உடம்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. புழுவையும் துளைத்து மீனின் தாடையையும் துளைக்க வேண்டும். அங்கே வலுத்த கோல், நுனியில் வளைகிற கோல்தான் செல்லும். அல்லி இலைகளின்மேல் இழுக்கிற ரப்பர்த் தவளைக்கு அதைவிட முரடு வேண்டும். மீனோடு ஒரு கூடைக் கொடியையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்குமே!

இது யாரோ ஒரு பொறியியல் நிபுணர் உட்கார்ந்து போட்ட கணக்கு என்று நினைத்தேன். அப்படி இல்லை. இரை ஒவ்வொரு தடவை மாறும்போதும் கோல் தோற்றுப் போயிருக்கிறது, பிறகு மாறியிருக்கிறது. இருநூறு வருஷமாக நடக்கிற விவகாரம் இது.

1881-ல் ஹென்ஷால் என்ற வைத்தியர் பாஸ் மீனைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகம் எழுதினார். டிரௌட்டும் சால்மனும்தான் கனவான்களின் மீன், பாஸ் ஏழை பாழைகளுக்கு என்று இருந்த காலம். பாஸுக்காக வக்காலத்து வாங்கினவர் அவர். அந்த நாளில் இரை உயிருள்ள பொடி மீன். அதை விறைப்பான கோலில் கட்டி வீசினால் பொடி மீன் முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டு தனியே பறந்துவிடும். ஆகவே நீண்ட, மெத்தென்ற கோல் வேண்டியிருந்தது. ஹென்ஷால் பெயரில் விற்ற கோல் எட்டேகால் அடி நீளம். அதுவே அப்போது குட்டை என்று பேசப்பட்டது.

பிறகு டோவாஜியாக் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் ஹெட்டன் வந்தார். அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அத்திம்பேர் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். ஹெட்டன் தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர். ஆலைக் குளத்தங்கரையில் சிநேகிதருக்காகக் காத்திருந்தபோது சும்மா ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். தண்ணீரில் எறிந்தாராம். ஒரு பாஸ் அதைத் தாக்கி ஆகாயத்தில் தூக்கிப் போட்டதாம். இந்தக் கதை எவ்வளவு நிஜமோ, 1890-களின் கடைசியில் அவர் செதுக்கின மரத் தவளைகள் நிஜம். அவற்றிலிருந்து பெரிய தொழிற்சாலையே பிறந்தது. மரத்துண்டுக்குக் கனம் உண்டு. பிய்ந்து போகும் பயமும் இல்லை. எட்டடிக் கோல் எதற்கு? ஐந்து, ஐந்தரை அடி விறைத்த கோல்கள் வந்தன.

நடுவில் எஃகுக் கோலும் ஒன்று வந்தது. கனெக்டிகட்டில் எவரெட் ஹார்ட்டன் என்பவர் 1887-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகாமல் மீன் பிடிக்கப் போகிறவர் கோட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளத்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். பக்திக்கும் தொழில் அபிவிருத்திக்கும் இப்படியும் ஒரு சம்பந்தம்!

ஆனால் நான் சொல்ல வந்தது மூங்கிலைப் பற்றி. அத்திம்பேர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர். நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, ஒரு துணிப் பையைத் தூக்கிக்கொண்டு தாமே வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு மூங்கில் கோலை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். தேன் நிறம். அங்கங்கே தீயில் வாட்டினது போல் பழுப்புத் திட்டுகள். "இது உங்கள் ஊர் மூங்கில். கல்கத்தா" என்றார். தம் தாத்தா 1920-களில் வாங்கினதாம். என் ஊருக்கும் கல்கத்தாவுக்கும் ஆயிரம் மைல் என்று நான் சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சல்ல. 1840-களில் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கிக் கொல்லர் இருந்தார், வயலினும் செய்வார். அவர் மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து, நார் செறிந்த மேல்பகுதியை மட்டும் வைத்துச் சீவி, ஒட்டிக் கோல் செய்தார். 1870-களில் மெய்ன் மாகாணத்து ஹைரம் லெனார்ட் ஆறு பட்டைகளை ஒட்டுகிற முறையை இயந்திரத்தால் சீராக்கினார். பட்டையை எங்கே எவ்வளவு மெலிதாக இழைக்கிறோமோ அங்கே கோல் வளையும். இன்றைக்கு எழுத்தில் அச்சடிக்கிறதை அன்றைக்கு இழைப்புளியால் எழுதினார்கள். அந்த முதல் கோல்களுக்கெல்லாம் மூங்கில் வங்காளத்திலிருந்து கப்பலில் போனது. கல்கத்தாத் துறைமுகத்தில் ஏறினதால் கல்கத்தா மூங்கில். நம் கல் மூங்கிலின் இனம். குதிரைப் படையின் ஈட்டிக்குக் காம்பாக இருந்ததும் அதுதான். வந்த மூங்கிலில் தீத் தழும்புகள் இருக்கும். தழும்பு இருந்தால் அசல் என்று வாங்குகிறவர்கள் பழகிப் போனார்கள்.

அதற்குப் பிறகு, சென்ற நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், சீன மூங்கில் வந்தது. டோன்கின் என்று பெயர். டோன்கின் வியட்நாமில் இருக்கிறது. மூங்கில் விளைந்தது குவாங்டுங்கில். வியாபாரப் பெயர்களுக்குப் பூகோளம் தெரியாது. கணு தூரம் தூரமாக இருக்கும், நேராக இருக்கும், நார் அடர்த்தி ஜாஸ்தி. கல்கத்தா மூங்கில் போட்டியில் நிற்கவில்லை. ஆனால் வாங்குகிறவர்களுக்குத் தழும்பு வேண்டுமே? சில பட்டறைகளில் சீன மூங்கிலை விளக்கில் காட்டித் தழும்பு போட்டு விற்றார்கள்.

1950-ல் கொரிய யுத்தத்தின்போது அமெரிக்கா சீனச் சரக்கைத் தடுத்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தடை இருந்தது. மூங்கில் பட்டறைகள் இருப்பில் இருந்ததை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டின. ஆனால் அவற்றை அடித்தது தடை மட்டுமல்ல. யுத்த காலத்தில் ஆர்தர் ஹவால்டு என்ற விஞ்ஞானி, தம் மூங்கில் கோலின் நுனி ஒடிந்துவிட, கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து ஒரு நுனி செய்து பார்த்தார். சண்டை முடிந்ததும் கலமஸூவின் ஷேக்ஸ்பியர் கம்பெனி அதைக் கோலாக்கி விற்றது. (நாடகாசிரியர் அல்ல, ரீல் செய்தவர்.) பதினைந்து வருஷம் இழைப்புளி பிடித்துப் பழகின கைகளுக்கு அப்புறம் வேலை இல்லை. கண்ணாடி நாருக்கு இழைப்புளி எதற்கு? அந்தக் கைகளைப் பற்றி எந்தப் புஸ்தகமும் நாலு வரிக்குமேல் எழுதவில்லை.

கண்ணாடிக் கோல் வந்த கையோடு இரையும் மாறிற்று. ஓஹையோவில் நிக் க்ரீம் என்பவரும் மனைவியும் சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி 1949-ல் புழு செய்தார்கள். அதே சமயம் தெற்கே அணைக்கட்டுகள் எழும்பின. டெக்ஸஸில் காடு காடாகத் தண்ணீரில் மூழ்கியது. மூழ்கின மரங்களுக்குள் பாஸ் குடியேறிற்று. மரத்துக்குள் புழுவை இறக்கி, கடித்ததும் கிளையில் சுற்றிக்கொள்ளுமுன் மீனை வெளியே இழுக்க வேண்டும். பில்லியர்ட்ஸ் கழி போன்ற குட்டைக் கோல்கள் அதற்காகவே பிறந்தன. 1970-களில் கரிநாரில் கோல் வந்தது. இறகு போல் இலேசு, மீன் மூச்சு விட்டால் கையில் தெரியும் என்பார்கள். எல்லோரும் அதற்கு ஓடினார்கள். ஓடினவர்கள், மும்முள் தொங்கும் இரைகளை அதில் கட்டி வீசிப் பார்த்து, கடித்த மீனெல்லாம் கழன்று போவதைக் கண்டார்கள். பலர் அந்த ஒரு இரைக்கு மட்டும் பழைய கண்ணாடி நாருக்கே திரும்பினார்கள். எனக்கு அன்று அத்திம்பேர் நீட்டின இடுப்பு செத்த கோல் அதுதான்.

இதையெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாள் சாயந்திரம் எனக்குச் சுரீரென்றது. கிழவரின் கோலை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். என் மார்பளவுக்குமேல் ஒரு சாண். ஐந்தரை அடிக்கு மிஞ்சாது. விறைப்பான கோல், நுனி மட்டும் வளையும். பொடி மீன் வீசின காலத்துக் கோல் அல்ல. ஹெட்டனின் மரத்துண்டுக்குச் செய்த கோல். 1920-களில் வாங்கினது என்று அவரே சொன்னார். அதற்குள் சீன மூங்கில் சந்தையைப் பிடித்தாயிற்று. கல்கத்தாவிலும் குட்டைக் கோல் செய்திருக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் அந்தத் தழும்புகள் ரொம்ப அழகாக, ஒரே இடைவெளியில் இருந்தன.

அத்திம்பேரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு அது பத்து வருஷமாத் தெரியும்ப்பா" என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் கிழவர் மறுபடி வந்தார். பையைப் பிரித்து, கோலோடு என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். கல்கத்தாவுக்குப் போகும்போது அங்கே யாரிடமாவது காட்ட வேண்டுமாம், அவர்கள் மூங்கில் இன்னும் நன்றாக இருக்கிறது என்று. காட்டுகிறேன் என்றேன். அத்திம்பேர்தான் படம் எடுத்தார்.