துப்பாக்கி செய்த ஊர் சைக்கிளுக்கு மாறிய கதை



ஸ்பெயினின் பழைய சிறிய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் 'எய்பார்' என்று பொறித்திருக்கும். அது பாஸ்க் பகுதியிலுள்ள ஓர் ஊர்.

முதலாம் உலகப்போரில் பிரெஞ்சு இராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி போதவில்லை. 1915இல் எய்பாரின் 'ரூபி'யை வாங்கத் தொடங்கியது. 7.65 மில்லிமீற்றர், 9 குண்டுகள். பல பட்டறைகள் சேர்ந்து இலட்சக்கணக்கில் செய்து அனுப்பின.

போர் முடிந்தது, வாங்க ஆளில்லை. தொழிலாளர்கள் 1920இல் தொடங்கிய 'அல்ஃபா' கூட்டுறவு முதலில் ரிவோல்வர் செய்தது. 1925இல் தையல் மெஷினுக்கு மாறியது. 1840 முதல் துப்பாக்கி செய்த 'ஓர்பியா' சைக்கிள் செய்யத் தொடங்கியது. துப்பாக்கிக் குழாய் செய்யப் பழகிய கைகளுக்கு சைக்கிள் குழாய் பெரிய வேலையில்லை.

கடைசிவரை துப்பாக்கி செய்த 'ஸ்டார்', 'அஸ்ட்ரா' நிறுவனங்கள் 1997இல் மூடப்பட்டன. ஓர்பியா சைக்கிள் இன்றும் ஓடுகிறது.

சித்தாண்டியிலும் ஏறாவூரிலும் துப்பாக்கி எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். தமிழர், முஸ்லிம் என்று அது பார்க்கவில்லை. ஃபோனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடும் நம் பிள்ளைகளுக்கு, எய்பார்க்காரர்கள் தையல் மெஷினும் சைக்கிளும் செய்த கதையையும் சொல்லிக் கொடுங்கள்.